இந்தக் குதிரையை எந்த கிளாஸில் இறக்குவது?

அக்கா மகள் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம், நர்ஸாக இருக்கிறாள். சம்பளத்தை மிச்சம் பிடித்து வீடு வாங்குவாள் என்று அக்கா காத்திருக்க, அவள் குதிரை வாங்கிவிட்டாள். எட்டு வயதுப் பெட்டை, அடர்பழுப்பு நிறம், உயரம் 157 சென்டிமீட்டர். தாய் அயர்லாந்தின் கனெமரா ஜாதி, தகப்பன் பந்தய ஜாதியான தரோபிரெட். அக்கா போன் போட்டு என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்: "எல்லாம் உன்னாலதான் தம்பி. சின்னப் பிள்ளையா இருந்தப்ப லாயத்துக்குக் கூட்டிட்டுப் போயி காட்டுனது நீதானே? இப்ப நீயே அனுபவி."

அனுபவிக்கிறேன். வாட்ஸ்அப்பில் குதிரைப் படமாக வந்து குவிகிறது. முன்னங்கால், பின்னங்கால், குளம்பின் அடிப்பக்கம், பல் என்று ஒன்று விடாமல் அனுப்புகிறாள். கூடவே ஒரு கேள்வி: "மாமா, இவளை ஷோவுல எந்த கிளாஸ்ல இறக்கலாம்? லாயத்துல ஒருத்தர் ஸ்மால் ஹண்டர்ங்கிறாங்க. ஒருத்தர் ரைடிங் ஹார்ஸ்ங்கிறாங்க. இன்னொருத்தர் வொர்க்கிங் ஹண்டர்ல போடுன்னு சொல்றாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

பதில் எழுத உட்கார்ந்தேன். போன் திரையில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சுங்கை புரோங்கில் வயலுக்கு நடுவில் குடியிருப்பவனுக்கு இங்கிலாந்துக் குதிரைக் கண்காட்சியைப் பற்றி என்ன கவலை என்று கேட்டால், கடைசியில் நம் பக்கத்துக்கு ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குதிரை என்றால் இரண்டுதான். ஒன்று, தோட்டத்துக் கோயிலில் மதுரை வீரன் ஏறி நிற்கும் சுதைக் குதிரை. இன்னொன்று, பெரியவர்கள் பேப்பரில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கும் பந்தயக் குதிரை. தாத்தா சொல்லும் கதைகளில் மூன்றாவதாக ஒன்று வரும். வெள்ளைக்காரத் துரை பெரட்டுக்குக் குதிரையில் வருவாராம். தூரத்தில் குளம்புச் சத்தம் கேட்டதும் லயத்தில் பேச்சு நின்றுவிடுமாம். நான் பெரட்டுக்கும் போகவில்லை, பென்சிலும் பிடிக்கவில்லை. சுங்கை பீசி பந்தயத் திடலில் குதிரைக்காரனாகச் சேர்ந்து, பிறகு ஒரு சவாரிப் பள்ளி லாயத்துக்குப் போய், சாணி அள்ளியே பாதி வயதைக் கழித்தவன். பந்தயக் குதிரையை வேகத்தால் அளப்பார்கள். சவாரிப் பள்ளியில்தான் வேறு மாதிரியும் குதிரையை அளக்கலாம் என்று எனக்குத் தெரிய வந்தது.

வேலைக்குப் பிறந்த போட்டி

ஹண்டர் என்று தனி ஜாதி கிடையாது. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நாய்க்கூட்டத்தை முன்னால் விட்டுச் செந்நரியைத் துரத்திப் போனவர்கள் எந்தக் குதிரையில் ஏறினார்களோ அதுதான் ஹண்டர். நவம்பரிலிருந்து மார்ச் வரை, குளிரிலும் சேற்றிலும் நடந்த வேலை. கனத்த ஆளைக் காலையிலிருந்து மாலை வரை சுமக்க வேண்டும். வேலியும் பள்ளமும் வந்தால் தாண்ட வேண்டும். நாய்கள் புதரில் மோப்பம் பிடிக்கும்போது அசையாமல் நிற்க வேண்டும், கிளம்பினால் பாய்ந்து ஓட வேண்டும், இழுத்தால் நிற்க வேண்டும். இதையெல்லாம் ஒரு பருவம் முழுக்கச் செய்தும் நொண்டக் கூடாது.

இந்த வேலைக்கு ஏற்ற உடம்பு எது என்று பார்த்துப் பரிசு கொடுப்பதுதான் ஹண்டர் ஷோ. விவசாயக் கண்காட்சிகளில் மாடு, ஆடு, பன்றியோடு சேர்ந்து நடந்தது. 1885இல் ஹண்டர்ஸ் இம்ப்ரூவ்மென்ட் சொசைட்டி என்று ஒரு சங்கம் தொடங்கி, நல்ல தரோபிரெட் பொலிகுதிரைகளுக்கு மானியம் கொடுத்து, சாதாரண விவசாயியின் பெட்டைக்கும் அவை கிடைக்கும்படி செய்தது. அப்படிப் பிறந்த குட்டி வேட்டைக்கும் போகும், ராணுவத்துக்கும் போகும். அந்தச் சங்கம் இன்றும் பெயர் மாறி, ஸ்போர்ட் ஹார்ஸ் பிரீடிங் ஆஃப் கிரேட் பிரிட்டன் என்று இயங்குகிறது. ஹண்டர் வகுப்புகளுக்கான விதிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

பெரிய ஹண்டர்களைச் சுமக்கும் எடையை வைத்துப் பிரிப்பார்கள். ஏறத்தாழ 79 கிலோ வரை சுமக்கக் கூடியது லைட்வெயிட், அதற்கு மேல் 89 கிலோ வரை மிடில்வெயிட், அதையும் தாண்டினால் ஹெவிவெயிட். இந்தக் கணக்கில் குட்டையான குதிரைக்கு இடமே இல்லை. நல்ல எலும்பும் நல்ல நடையும் இருந்தும், 170 சென்டிமீட்டர் குதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றால் அது கண்ணில் படாது. அதனால்தான் ஸ்மால் ஹண்டர் என்று தனி வகுப்பு வைத்தார்கள். நான்கு வயது நிறைந்த பெட்டையோ காயடித்த ஆணோ, 158 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குதிரைக்காரர் கணக்கில் பதினைந்து ஹேண்ட் இரண்டு அங்குலம். ஒரு ஹேண்டுக்கு நான்கு அங்குலம். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டிலிருந்து, லாடத்தைக் கழற்றிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி அளப்பார்கள். இதற்கென்றே ஜாயின்ட் மெஷர்மென்ட் போர்டு இருக்கிறது. ஏழு வயதானால் ஒருமுறை அளந்து ஆயுள் சான்றிதழே கொடுத்துவிடுவார்கள். நம் பெட்டைக்கு எட்டு. 157 என்று வீட்டில் அளந்து சொல்வதெல்லாம் செல்லாது, முதலில் அந்தச் சான்றிதழை வாங்கு என்று எழுதினேன்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த வேலை போயும் வகுப்பு போகவில்லை. ஸ்காட்லாந்தில் 2002லேயே தடைச் சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாயை விட்டு நரி வேட்டையாடுவதைத் தடுத்த ஹண்டிங் ஆக்ட் 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஷோவில் நிற்கும் பல ஹண்டர்கள் ஒரு நரியைக்கூடக் கண்டிருக்காது. ஆனாலும் நடுவர் பழைய கேள்வியைத்தான் கேட்கிறார்: இந்தக் குதிரையில் ஏறி ஒரு நாள் முழுக்கப் போகலாமா?

நம் தமிழ்நாட்டு மலையிலும் இந்த வேட்டை நடந்தது. நீலகிரியில் செந்நரி இல்லை என்பதால், ஊட்டி ஹண்ட்காரர்கள் இங்கிலாந்து நாய்களைக் கொண்டுவந்து நம் ஊர் நரியைத் துரத்தினார்கள். 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் வென்லாக் டவுன்ஸ் என்று அழைக்கப்படும் புல்வெளிதான் அவர்கள் களம். அந்தக் காலத்தில் இந்தியாவில் ராணுவத்துக்கும் சவாரிக்கும் பேர்போன குதிரை வேலர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறையில் இறங்கியது. பெரிய அழகு கிடையாது. வெயிலையும் கரடுமுரடான தரையையும் தாங்கும். இங்கிலாந்து ஷோவில் கேட்கிற அதே கேள்விக்கு நம் மண்ணில் பதில் சொன்ன குதிரை அது.

ஒரு குதிரை, பல வாசல்

இப்போது கேள்விக்கு வருகிறேன். 157 சென்டிமீட்டர் குதிரைக்கு ஒரு வசதி உண்டு. பெரிய குதிரைக்குத் திறக்காத பல வாசல்கள் அதற்குத் திறக்கும். சங்கடமும் அதுதான். எல்லாவற்றிலும் நுழைந்து பார்த்துவிடலாம் என்று ஆசை வரும்.

முதல் வாசல் ஸ்மால் ஹண்டர். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வளையத்தில் சுற்றும். நடை, டிராட், கேன்டர் என்று வேகம் ஏறி, கடைசியில் ஒரு கேலப், அதாவது முழுப் பாய்ச்சல். அந்த கேலப்தான் இதன் உயிர். நீளப்பக்கத்தில் குதிரை தரையை விழுங்கிக்கொண்டு போக வேண்டும். மூலை வருமுன் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்க வேண்டும். பிறகு வரிசையில் நிறுத்துவார்கள். நடுவர் தானே ஒவ்வொரு குதிரையாக ஏறி ஓட்டிப் பார்ப்பார். அதன்பின் சேணத்தைக் கழற்றி, உடற்கட்டைப் பார்த்து, கையில் பிடித்து ஓடச் சொல்வார்கள். சவாரிக்கு ஒரு நடுவர், உடற்கட்டுக்கு ஒருவர் என்று இருவர் இருப்பதும் உண்டு. தனியாக வித்தை காட்டச் சொல்ல மாட்டார்கள். அலங்காரமும் குறைவு. தோலில் எளிய நெற்றிப்பட்டி, பின்னிய பிடரி, சவாரிக்காரருக்கு ட்வீட் கோட்டு. கண்ணை இழுக்கும் எதுவும் இருக்கக் கூடாது.

இரண்டாவது ரைடிங் ஹார்ஸ். இதில் சின்னப் பிரிவு 148 சென்டிமீட்டருக்கு மேல், 158 வரை. அளவைப் பார்த்தால் நம் பெட்டை இதற்கும் பொருந்துகிறது. ஆனால் இங்கே கேட்பது வேறு. ஹண்டருக்கும் ஹாக்குக்கும் நடுவில் நிற்கும் குதிரை இது. ஹாக் என்பது பூங்காவில் உலாப் போவதற்கான நளினக் குதிரை. எலும்பு மெல்லியது, தலை சிறியது, முன்னங்காலை நீட்டி வைத்துத் தரையில் மிதந்து வரும். ரைடிங் ஹார்ஸில் அந்த நளினத்தில் பாதியாவது இருக்க வேண்டும். வண்ணத் துணி சுற்றிய நெற்றிப்பட்டி போடலாம். ஒவ்வொருவரும் தனியாக ஒரு சிறு காட்சி செய்து காட்ட வேண்டும். பணிவும் நடையின் அழகும் முதலில், கனம் சுமக்கும் திறன் பிறகு.

மூன்றாவது வொர்க்கிங் ஹண்டர். இதில் தாண்டல் உண்டு. வண்ணம் அடித்த கம்புகள் கிடையாது. பட்டையோடு இருக்கும் மரத்துண்டு, செடிவேலி, வைக்கோல் கட்டு, சின்னக் கதவு என்று வயல்வெளியில் எதிர்ப்படுகிற மாதிரியே வைப்பார்கள். மதிப்பெண்ணில் பெரும்பங்கு தாண்டலுக்கும் தாண்டும் விதத்துக்கும். மிச்சம் சவாரிக்கும் உடற்கட்டுக்கும். நேரக் கணக்கு இல்லை. ஒரே சீரான வேகத்தில், தடையைப் பார்த்துத் தானே அடியை அளந்து தாண்டும் குதிரைக்குத்தான் பெயர். காலில் ஒரு பழைய தழும்பு இருந்தால் ஷோ ஹண்டரில் முகம் சுளிப்பவர்கள்கூட இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை செய்த குதிரைக்குத் தழும்பு இருக்கத்தான் செய்யும்.

இன்னும் சில வாசல்கள் இருக்கின்றன. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள் ஏறினால் இன்டர்மீடியட் ஷோ ஹண்டர், 146க்கு மேல் 158 வரை. அதில் நடுவர் ஏற மாட்டார். அக்கா மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள் என்று அவளிடம் நினைவூட்டியதற்கு ஒரு கோபப் பொம்மை வந்தது. பெண்கள் ஒரு பக்கமாக உட்காரும் சேணத்தில் ஏறிக் காட்டும் லேடீஸ் ஹண்டர் உண்டு. அந்தச் சேணத்தில் உட்காரவே தனியாகப் பழக வேண்டும். கொழுத்த கழுத்து, குட்டைக் கால், ஒட்ட வெட்டிய பிடரி என்று வரும் காப் வகுப்பில் நம் பெட்டையைக் கொண்டுபோனால் வாசலிலேயே சிரித்துத் திருப்பிவிடுவார்கள்.

எந்த வாசல் என்பதை உடம்புதான் சொல்ல வேண்டும். நான் அவளிடம் நேர்ப் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும், டிராட்டில் வரும் வீடியோவும் கேட்டேன். கழுத்தும் தலையும் ரைடிங் ஹார்ஸுக்குப் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே நாடா வைத்துச் சுற்றளவு பார்க்கச் சொன்னேன். எட்டரை அங்குலம் வந்தது. அந்த உயரத்துக்கு அது கெட்டி எலும்பு. நெஞ்சு ஆழம், பின்பக்கம் அகலம், முதுகு குட்டை. டிராட்டில் முழங்காலைக் கொஞ்சம் தூக்கித்தான் வைக்கிறது; கனெமராத் தாயின் சொத்து. கனெமரா மேற்கு அயர்லாந்தின் பாறைக்கும் சதுப்புக்கும் நடுவில் காலை எண்ணி வைத்துப் பழகிய மட்டக்குதிரை. அந்தக் காலை வைத்துக்கொண்டு ஹாக் மாதிரி மிதக்கச் சொன்னால் நடக்குமா?

ஆக என் பதில்: முதலில் ஸ்மால் ஹண்டர். அடுத்த வருஷம் வொர்க்கிங் ஹண்டர். ரைடிங் ஹார்ஸ் வேண்டாம். வண்ண நெற்றிப்பட்டி வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

"அது ரொம்ப அழகா இருக்கு மாமா," என்றாள்.

"அழகாத்தான்மா இருக்கும். கெட்டி எலும்புக் குதிரைக்கு அதைப் போட்டா, நடுவர் கண்ணு அந்தக் குதிரைகிட்ட இல்லாததைத்தான் தேடும். இருக்கிறதைப் பார்க்க வை."

நடுவர் ஏறும் நேரம்

இந்தப் போட்டியில் என்னை மயக்கியது நடுவர் ஏறிப் பார்ப்பதுதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரிய குதிரை வகுப்புகளில் இது வழக்கம். உரிமையாளர் கைப்பழக்கத்தில் எவ்வளவு நல்ல பெயர் எடுத்திருந்தாலும், முன்பின் தெரியாத ஒரு ஆள் ஏறி இரண்டு நிமிடம் ஓட்டினால் உண்மை வெளியே வந்துவிடும். ஒருத்தர் தொடைக்கும் கைக்கும் மட்டுமே பழகிய குதிரை அங்கே திணறும்.

இதற்காக நான் அவளுக்குச் சொன்னது, ஷோவுக்கு முன்பே வெவ்வேறு ஆட்களை ஏற்று. உயரமானவர், குள்ளமானவர், கனத்தவர், கை கொஞ்சம் முரடானவர்கூட. ஏறும்போது அசையாமல் நிற்கப் பழக்கு. பந்தய லாயத்தில் நாங்கள் அதைச் செய்ய மாட்டோம். அங்கே குதிரை நடந்துகொண்டே இருக்கும். ஜாக்கியின் காலைப் பிடித்து மேலே தூக்கிப் போடுவோம். அதனால் பந்தயத்திலிருந்து வரும் குதிரைக்கு நின்று ஏற்றிக்கொள்வதே புதுப் பாடம். ஆனால் தினம் காலையில் வேறு வேறு ஆள் ஏறுவது அதற்குப் புதிதில்லை. அந்த வகையில், செல்லமாக வளர்ந்த குதிரையைவிடப் பந்தயக் குதிரை நடுவருக்கு நல்ல பிள்ளை.

உடற்கட்டு பார்ப்பதும் நம் ஊர் முறையிலிருந்து வேறு. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவோடு நடக்கும் குதிரைச் சந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கிலிருந்தும் குதிரைகள் வந்து நிற்கும். அங்கே வாங்க வருபவர் முதலில் சுழியைப் பார்ப்பார். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே, மார்பில் எப்படி என்று விரலால் தடவிப் பார்த்து, சுழி சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல குதிரையானாலும் நகர்ந்துவிடுவார். இங்கிலாந்து நடுவர் சுழியைத் தேட மாட்டார். தோள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பின்னங்கால் முட்டு எவ்வளவு உறுதி, குளம்பு இரண்டும் ஜோடியா, கால் நேராக வந்து விழுகிறதா என்று பார்ப்பார். ஒன்று குதிரை வீட்டுக்குக் கொண்டுவரும் அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறது, மற்றது பத்து வருஷம் கழித்தும் அந்தக் கால் நொண்டாமல் இருக்குமா என்று பார்க்கிறது. சாணி அள்ளியவன் என்ற முறையில் என் ஓட்டு காலுக்குத்தான். நொண்டும் குதிரையை வைத்துக்கொண்டு அதிர்ஷ்டத்தை என்ன செய்வது?

ஆனால் அங்கேயும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கொழுப்பு. ஷோவில் குதிரை பளபளவென்று உருண்டு திரண்டு நின்றால்தான் எடுபடும் என்று பலர் தீனியை அள்ளிக் கொட்டுகிறார்கள். கொழுப்பு நல்ல வேஷக்காரன். மெலிந்த கழுத்தையும் சப்பைப் பின்பக்கத்தையும் மறைத்துவிடும். விலை கொடுப்பது குளம்பு. உள்ளே வீக்கம் கண்டு நிற்கவே முடியாமல் போகும் லமினைட்டிஸ் வரும். மட்டக்குதிரை ரத்தம் உள்ளவை காற்றைக் குடித்தே கொழுக்கும் வகை என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கை வைத்துத் தடவினால் தெரிய வேண்டும். இந்த ஒரு விதியைச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னேன். நாள் முழுக்க வேட்டைக்குப் போகும் உடம்பு என்று சொல்லிக்கொண்டு, பத்து நிமிட கேலப்புக்கே மூச்சு வாங்கும் குதிரையை நிறுத்துவது அந்த வகுப்பையே கேலி செய்வது.

அவள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஹாரோகேட். ஒவ்வொரு ஜூலையிலும் கிரேட் யார்க்‌ஷயர் ஷோ நடக்கும் இடம். அங்கே ஹண்டர் வரிசை நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தாலே ஒரு பாடம். வருஷம் முழுக்க அங்கங்கே நடக்கும் தகுதிச் சுற்றுகளில் ஜெயித்தவை அக்டோபரில் பர்மிங்காமில் ஹார்ஸ் ஆஃப் த இயர் ஷோவுக்குப் போகும். 1949இல் லண்டன் ஹாரிங்கேயில் தொடங்கியது அது. அக்கா மகளின் கனவு அங்கே இருக்கிறது. நான் இப்போதைக்கு அவள் ஊர் ரைடிங் கிளப் ஷோவில் ஒழுங்காக ஒரு சுற்று வரச் சொல்லியிருக்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம்

முதலில் சொன்ன அந்த ஒரு விஷயம் இதுதான்.

சிலாங்கூர் டர்ஃப் கிளப் 1896இல் தொடங்கியது. ஜாலான் அம்பாங்கில் இருந்த அதன் பழைய திடல் நிலத்தில்தான் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. சுங்கை பீசிக்குப் பந்தயம் மாறியது 1990களில். சிங்கப்பூரில் 1842இல் தொடங்கிய கிளப்பின் பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசி ஓட்டத்தோடு நின்றுவிட்டது. அங்கே ஓடிய குதிரைகளும், இங்கே ஓடிக்கொண்டிருக்கும் குதிரைகளும், பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த தரோபிரெட்டுகள். ஆறு வயதிலோ எட்டு வயதிலோ ஓட்டம் முடிந்துவிடும். குதிரை இருபத்தைந்து வயது வரை இருக்கும். மிச்சக் காலத்துக்கு என்ன வழி?

நம் நாட்டில் குதிரை விளையாட்டு இல்லாமல் இல்லை. தெரெங்கானு செத்தியுவில் 2008இல் எண்டியூரன்ஸ் என்னும் நெடுந்தூர ஓட்டத்தின் உலகப் போட்டியே நடந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காபில் அம்பாக் டிரசாஜில் வெள்ளி வாங்கினார். சபா கோத்தா பெலூட்டில் பஜாவ் மக்கள் மட்டக்குதிரைகளை அலங்கரித்து ஏறி வருவது நாம் எல்லாரும் டிவியில் பார்த்ததுதான். ஆனால் பந்தயத்தை விட்டு வந்த ஒரு சாதாரணக் குதிரைக்கு இதில் எது? எண்டியூரன்ஸில் அரபுக் குதிரைகளின் ராஜ்ஜியம். பெரிய ஜம்பிங்குக்கும் டிரசாஜுக்கும் ஐரோப்பாவில் அதற்கென்றே இனவிருத்தி செய்த குதிரைகள் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில், நல்ல குணமும் நல்ல காலும் உள்ள, ஆனால் சாம்பியனாக முடியாத குதிரைகள் பல லாயங்களில் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றில் குட்டையானவையும் உண்டு. ஓட்டத்தில் சிறுத்த உடம்பு என்று கழித்துவிட்ட குதிரை, பிள்ளைகளும் பெண்களும் ஏறுவதற்குச் சரியான அளவாக இருப்பதைச் சவாரிப் பள்ளியில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். பந்தயத் துறையே 2000இல் ரீட்ரெய்னிங் ஆஃப் ரேஸ்ஹார்ஸஸ் என்று ஒரு அறநிறுவனம் தொடங்கி, ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கென்றே ஷோ வகுப்புகள் நடத்துகிறது. நேற்று வரை ஓட்டத்தில் கடைசியாக வந்த குதிரை, இன்று பிடரி பின்னி, நடுவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, மரியாதையாக ஒரு சுற்று வருகிறது. அதற்கு விலை ஏறுகிறது. விலை ஏறினால் கவனிக்க ஆள் வரும்.

நம் கிளப்புகளும் இப்படி ஒரு வகுப்பை வைக்கலாம் என்பது என் எண்ணம். பந்தயத்தை விட்ட குதிரைகளுக்கு மட்டும். 158 சென்டிமீட்டர் வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு. தடையெல்லாம் வாங்கி வைக்கத் தேவையில்லை. ஒரு வளையமும், ஏறத் தெரிந்த ஒரு நடுவரும் போதும். மதிப்பெண் நான்கு விஷயத்துக்கு: நின்று ஏற்றிக்கொள்கிறதா, புது ஆளைச் சுமந்து அமைதியாகப் போகிறதா, கேலப்பிலிருந்து சொன்னவுடன் அடங்குகிறதா, கால் நேராக வருகிறதா. மூன்றாவதுதான் கஷ்டமானது. பந்தயக் குதிரை லகானை இறுக்கினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடப் பழகியது. இறுக்கினால் நிற்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக் கொடுக்க மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் பரிசு.

நம் ஊருக்கென்று ஐந்தாவதாக ஒன்றும் சேர்ப்பேன். வியர்வை. குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளில் சில இங்கே கொஞ்ச காலத்தில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். லாயத்தில் டிரை கோட் என்போம். தோல் காய்ந்து, மூக்கு விரிந்து, நிழலில் நின்றும் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட குதிரையை வளையத்தில் சுற்ற விடுவது பாவம். ஆகவே காலை ஏழு மணிக்கே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சுற்று முடிந்ததும் மூச்சு எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். தீனியையும் விசாரிக்க வேண்டும். நம் வெப்பநாட்டுப் புல் சிலவற்றில் ஆக்ஸலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு நலிந்து முகம் வீங்கும். புல் பச்சையாக, மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையே வருஷக்கணக்கில் போடுபவர்களுக்கு, எலும்பைப் பார்க்கும் ஒரு போட்டி நல்ல கண்டிப்பாக இருக்கும்.

பரிசு யார் கையில் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிப்பன் உரிமையாளருக்கு. கூடவே, அந்தக் குதிரையைத் தினம் குளிப்பாட்டி, குளம்பு சுரண்டி, தீனி வைக்கும் லாயத்து ஆளையும் வளையத்துக்குள் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, ரொக்கமாக ஏதாவது கொடுக்க வேண்டும். பந்தயத்தில் குதிரை ஜெயித்தால் எங்களுக்கும் கையில் கொஞ்சம் விழும். சவாரிப் பள்ளிக்கு வந்த பிறகு அது நின்றுபோனது. வளையத்தில் ஒரு குதிரை கண்ணாடி மாதிரி நிற்கிறது என்றால், அதிகாலையில் யாரோ தோள் வலிக்கத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சவாரிப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு அண்ணே. நடுவரா யார் ஏறுவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பந்தயத்தை விட்ட ஜாக்கிகளும், காலையில் பயிற்சி ஓட்டம் ஓட்டியவர்களும் நம் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். பழக்கமில்லாத குதிரையில் ஏறி அரை நிமிடத்தில் அதன் மனசைப் படிக்க அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யார்? குதிரைக்கு இரண்டாவது வேலை தேடும்போது, அவர்களுக்கும் ஒன்று கிடைத்த மாதிரி இருக்கும்.